காலை உணவால்தான் வருகை கூடியதா? காரணம்–விளைவைக் கணக்கிடும் புதிய முறைகள்: மதுரைப் பள்ளிகளை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2022 செப்டம்பர் 15 அன்று, மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதல் கட்டத்தில் மாநிலம் முழுக்க 1,545 அரசு தொடக்கப்பள்ளிகள், ஏறத்தாழ 1.14 லட்சம் குழந்தைகள். 2023 ஆகஸ்ட் 25 முதல் மீதி அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது. 2024 ஜூலையில் ஊரகப் பகுதி அரசு உதவிபெறும் பள்ளிகள், 2025 ஆகஸ்டில் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகள் என்று கட்டம் கட்டமாக விரிந்தது.

திட்டம் வேண்டுமா வேண்டாமா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. பசியோடு வரும் பிள்ளைக்குச் சாப்பாடு போடுவதற்குப் புள்ளியியல் சான்று தேவையில்லை என்பதே என் கருத்து. ஆனால் "திட்டத்தால் வருகை கூடியது" என்று ஒருவர் சொன்னால், அந்த 'ஆல்' என்ற உருபு ஒரு கணக்கைக் கேட்கிறது. மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு, முதல் கட்டப் பள்ளிகளில் 1,543ஐப் பார்த்து, 1,319 பள்ளிகளில் வருகை கூடியதாகச் சொன்னது. திட்டத்துக்கு முந்தைய மாதங்களையும் பிந்தைய மாதங்களையும் ஒப்பிட்ட கணக்கு அது. பயனுள்ள முதல் தகவல்தான். ஆனால் அந்த மாதங்களில் வேறு எதுவும் மாறவில்லையா?

இந்த ஒரு கேள்வியை முழுதாக முடிக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று படிப்படியாகப் பார்ப்போம். முதுகலை மாணவர்கள், ஆசிரியர்கள், தன்னார்வ அமைப்புகளில் தரவு பார்ப்பவர்கள், மாவட்டச் செய்தியாளர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். பள்ளிக் கணக்கும் எக்செல்லும் பெரும்பாலான படிகளுக்குப் போதும். ஐந்தாம் படிக்கு மட்டும் ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருள் கையில் இருந்தால் நல்லது. அந்தப் படியைச் சுற்றித்தான் கடந்த சில ஆண்டுகளில் இந்தத் துறையே தலைகீழாகப் புரண்டிருக்கிறது; பழைய பாடப்புத்தகத்தை நம்பி இறங்கினால் தப்பான விடை வரும்.

படி 1: கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதுங்கள்

"காலை உணவு நல்ல பலன் தந்ததா?" என்பதைக் கணக்கிட முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: "2022 செப்டம்பரில் திட்டம் வந்த அரசுப் பள்ளிகளில், 1 முதல் 5 வரையிலான வகுப்புகளின் மாத வருகை விகிதம், திட்டம் வராமல் இருந்திருந்தால் இருந்திருக்கும் அளவைவிட எத்தனை சதவீதப் புள்ளி அதிகம்?"

'வராமல் இருந்திருந்தால்' என்பதில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. ஒரே பள்ளி ஒரே மாதத்தில் திட்டத்தோடும் திட்டமில்லாமலும் இருக்க முடியாது. இரண்டில் ஒன்று நம் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. 1923-இல் ஜெர்ஸி நெய்மன் வயல் சோதனைகளுக்காக இந்தச் சிந்தனையைக் குறியீட்டில் எழுதினார். 1974-இல் டொனால்ட் ரூபின் அதைச் சோதனை நடக்காத இடங்களுக்கும் விரித்தார். 1986-இல் பால் ஹாலண்ட் இதைத்தான் காரணம்–விளைவு ஆய்வின் அடிப்படைச் சிக்கல் என்றார். இனி வரும் எல்லாப் படிகளும், தெரியாத அந்தப் பாதியை எங்கிருந்து கடன் வாங்குவது என்பதைப் பற்றியவைதான்.

இங்கேயே இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 'காலை உணவு' என்பது எல்லா இடத்திலும் ஒன்றுதானா? மாநகரத்தில் பொதுச் சமையல்கூடத்தில் சமைத்து வண்டியில் பள்ளிக்குப் போகிறது. கிராமங்களில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் பள்ளியிலேயே சமைக்கிறார்கள். வண்டியில் வந்த கிச்சடியும் அடுப்பிலிருந்து இறக்கிய பொங்கலும் ஒரே பலனைத் தரும் என்று யார் சொன்னது? இரண்டையும் சேர்த்துக் கணக்கிடலாம், தவறில்லை. சேர்த்துத்தான் கணக்கிட்டோம் என்று எழுதிவிட வேண்டும்.

படி 2: குலுக்கல் போட்டிருந்தால் எப்படிச் செய்திருப்போம்?

மதுரைக்காரர்களுக்கு நல்ல உதாரணம் உள்ளூரிலேயே இருக்கிறது. அரவிந்த் கண் மருத்துவமனைகள், கருவிழியில் பூஞ்சைப் புண் வந்த 323 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடத்தின. முடிவு 2013-இல் வெளியானது. நேட்டாமைசின் என்ற பழைய சொட்டு மருந்தா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்தா என்று குலுக்கல் முறையில் ஒதுக்கினார்கள். பழைய மருந்துதான் மேல் என்று தெரியவந்தது, குறிப்பாக ஃபியூசேரியம் வகைப் பூஞ்சையில். வயல்வேலையில் நெல் இலையோ குச்சியோ கண்ணில் கீறி வரும் நோய் இது. நம் பக்கத்து விவசாயிகளுக்கு நேரடியாக உதவும் விடை.

குலுக்கல் இல்லாமல், பழைய நோயாளிச் சீட்டுகளை மட்டும் எடுத்து ஒப்பிட்டிருந்தால்? மோசமான கண்ணுக்குப் புதிய மருந்தைக் கொடுப்பது மருத்துவரின் இயல்பு. அப்படிக் கொடுத்திருந்தால் நோயின் கடுமை மருந்தின் தலையில் விழுந்திருக்கும். குலுக்கல் இந்தத் தொடர்பை அறுத்துவிடுகிறது. மருத்துவருக்குத் தெரிந்த காரணம், தெரியாத காரணம் இரண்டுமே சராசரியில் இரு பக்கமும் சமமாகிவிடுகின்றன.

காலை உணவுத் திட்டத்தில் குலுக்கல் நடக்கவில்லை. நடத்தச் சொல்வதும் நியாயமில்லை. ஆனால் நடந்திருந்தால் அதன் விதிமுறை எப்படி இருந்திருக்கும் என்று காகிதத்தில் எழுதிவிடலாம். மிகேல் ஹெர்னானும் ஜேம்ஸ் ராபின்ஸும் 2016-இல் முன்வைத்த வழி இது. இன்று மருத்துவ ஆய்வுகளில் பரவலாகப் பின்பற்றப்படுகிறது. எந்தப் பள்ளிகள் சேர்த்தி, எது தொடக்க நாள், எதோடு ஒப்பீடு, எத்தனை மாதம் பின்தொடர்வது, எதை அளப்பது என்று ஐந்து வரி போதும்.

இதில் தொடக்க நாள்தான் பலரைச் சறுக்கிவிடும். அரசாணை வந்த நாளா, முதல் தட்டு பரிமாறிய நாளா? "ஆகஸ்டிலிருந்து நம்ம பள்ளியிலும் டிபன் உண்டாம்" என்று கேள்விப்பட்டு ஜூனிலேயே பெற்றோர் சேர்த்திருந்தால், விளைவு காரணத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது போலத் தெரியும். அதனால் அறிவிப்புக்கும் முந்தைய மாதங்களையே அடிப்படையாக எடுப்பது பாதுகாப்பு.

படி 3: அம்புக்குறி போட்டுப் பாருங்கள்

கணினி அறிவியலாளர் ஜூடியா பேர்லுக்கு 2011-இல் அத்துறையின் உயரிய டூரிங் விருது கிடைக்கக் காரணமான பணிகளில் ஒன்று, இந்த எளிய படத்துக்குக் கறாரான கணிதம் அமைத்தது. ஒரு தாளில் காலை உணவு, வருகை என்று இரண்டு வட்டம் போடுங்கள். நடுவில் அம்பு. அப்புறம் இரண்டையும் தொடும் மற்றவற்றைச் சேர்த்துக்கொண்டே போங்கள்.

பள்ளி நகரத்தில் இருக்கிறதா கிராமத்திலா என்பது, திட்டம் எப்போது வரும் என்பதையும் பாதிக்கும், வருகையையும் பாதிக்கும். இதைச் சமன்செய்தாக வேண்டும்; அதாவது நகரப் பள்ளியை நகரப் பள்ளியோடும் கிராமப் பள்ளியைக் கிராமப் பள்ளியோடும் ஒப்பிட வேண்டும். முதல் கட்டத்துக்குப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்தபோது மாநகராட்சி, நகராட்சி, கிராம ஊராட்சி, எட்டாத மலைப்பகுதி என்று இட வகை பார்த்தே எடுத்தார்கள் என்பதால் இது வெறும் சந்தேகம் இல்லை.

பசி குறைவது, காலை உணவுக்கும் வருகைக்கும் நடுவில் வரும் கண்ணி. இதைச் சமன்செய்தால் நாம் அளக்க வந்த விளைவையே வெட்டி எறிந்துவிடுவோம். "எவ்வளவு மாறிகளைச் சேர்க்கிறோமோ அவ்வளவு நல்லது" என்ற எண்ணம் கல்லூரி ஆய்வேடுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அது தவறு.

மூன்றாவது வகைதான் விஷமம் பிடித்தது. பிள்ளைகளின் எடை கூடியதா என்று பார்க்க, அன்று பள்ளிக்கு வந்தவர்களை மட்டும் நிறுத்துகிறீர்கள். காலை உணவு வந்ததும், முன்பு அடிக்கடி வராமல் இருந்த மெலிந்த பிள்ளைகள் வர ஆரம்பித்திருந்தால், நிறுத்துப் பார்த்தவர்களின் சராசரி எடை குறையும். ஒரு பிள்ளைக்கும் எடை குறையாமலே! உணவும் உடல்நிலையும் 'அன்றைய வருகை' என்ற ஒரே வட்டத்தில் வந்து மோதுகின்றன; அந்த வட்டத்தை வடிகட்டியாகப் பயன்படுத்தியதால் வந்த வினை இது. வருகைப் பதிவேட்டில் பெயர் உள்ள எல்லோரையும், வராதவர்களையும் தேடிப்போய் நிறுத்தால்தான் சரியாகும்.

படி 4: இரண்டு வித்தியாசங்களைக் கழியுங்கள்

டேவிட் கார்டும் ஆலன் குரூகரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு இந்த முறையைப் புகழ்பெறச் செய்தது. 1992 ஏப்ரலில் நியூ ஜெர்சியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக ஏறியபோது, துரித உணவகங்களில் வேலை குறைந்ததா என்று பக்கத்துப் பென்சில்வேனியாவோடு ஒப்பிட்டார்கள். குறையவில்லை என்றார்கள். கார்ட் 2021-இல் பொருளாதார நோபல் பரிசில் பாதியைப் பெற்றார். மறு பாதி, காரணம்–விளைவு முறைகளுக்காக ஜோஷுவா ஆங்ரிஸ்டுக்கும் குயிடோ இம்பென்ஸுக்கும் போனது.

நம் கணக்குக்கு அழகான ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. 2022 ஜூலையில் எந்தப் பள்ளியிலும் காலை உணவு இல்லை. 2023 ஜூலையில் முதல் கட்டப் பள்ளிகளில் உண்டு, மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் இன்னும் இல்லை. ஒரே மாதம் என்பதால் பருவக் குழப்பமும் வராது. ஜூலையையும் ஜனவரியையும் ஒப்பிட்டால் பொங்கல் விடுமுறை இடையில் வந்துவிடும். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் அந்த வாரத்து வருகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

புரிவதற்காக நானே போட்ட எண்களை வைத்துப் பார்ப்போம். இவை உண்மைத் தரவு அல்ல. முதல் கட்டப் பள்ளிகளில் வருகை 84-லிருந்து 91 ஆனது என்று வைத்துக்கொள்வோம். முன்–பின் கணக்குப்படி 7 புள்ளி ஏற்றம். மற்ற அரசுப் பள்ளிகளில் 86-லிருந்து 90 ஆனது. அங்கே உணவு இல்லாமலே 4 புள்ளி ஏறியிருக்கிறது. அப்படியென்றால் திட்டத்தின் பங்கு 7 − 4 = 3.

அந்த 4 எங்கிருந்து வந்தது? பெருந்தொற்றுக்குப் பின் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2022 ஜனவரியில் மறுபடி மூடிப் பிப்ரவரியில் திறந்தார்கள். பிள்ளைகள் பள்ளிப் பழக்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. இல்லம் தேடிக் கல்வி, எண்ணும் எழுத்தும் போன்ற திட்டங்களும் அதே காலத்தில் வந்தன. அவை இரு பக்கப் பள்ளிகளையும் ஒரே மாதிரித் தொட்டிருந்தால் கழித்தலில் போய்விடும். முன்–பின் ஒப்பீட்டில் மட்டும் நின்றிருந்தால் அத்தனையும் காலை உணவின் கணக்கில் ஏறியிருக்கும்.

தரவுக்கு எங்கே போவது? அன்றாட வருகை, ஆசிரியர்கள் செயலியில் பதியும் எமிஸ் என்ற பள்ளிக் கல்வித்துறைத் தளத்தில் இருக்கிறது. பள்ளியின் வசதிகள், மாணவர் எண்ணிக்கை ஆகியவை ஆண்டுக்கு ஒருமுறை யூடைஸ் என்ற நாடளாவிய பள்ளிக் கணக்கெடுப்பில் வருகின்றன. பள்ளிவாரி வருகை பொதுவில் கிடைக்காவிட்டால், மாணவர் பெயர் இல்லாத மாதத் தொகுப்பாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும்போது சேர்க்கை எண்ணிக்கையையும் கேளுங்கள். வருகை விகிதம் என்பது பின்னம்; பெயரளவில் இருந்த பிள்ளைகளைப் பதிவேட்டிலிருந்து நீக்கினாலே அது தானாக ஏறும்.

படி 5: கட்டம் கட்டமாக வந்த திட்டத்துக்குப் பழைய சூத்திரம் போடாதீர்கள்

முக்கியமான படி இது. கொஞ்சம் மெதுவாகப் போவோம்.

திட்டம் 2022, 2023, 2024, 2025 என்று நான்கு தடவையாக வந்ததால், இரண்டு மாதத்தை மட்டும் எடுக்காமல் எல்லா ஆண்டுகளையும் சேர்த்து ஒரே ரிக்ரெஷனில், அதாவது பல காரணிகளை ஒன்றாக வைத்து விளைவை மதிப்பிடும் ஒரே சமன்பாட்டில், போடும் ஆசை வரும். பள்ளிக்கு ஒரு மாறிலி, ஆண்டுக்கு ஒரு மாறிலி, திட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. பல ஆண்டுகளாக உலகம் முழுக்க இப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் செய்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று யாரும் உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை.

பிரித்துப் பார்த்தபோது விஷயம் வெளியே வந்தது. மறுபடியும் கற்பனை எண்கள். முதல் ஆண்டில் உண்மையான விளைவு 2 புள்ளி, பழகப் பழக இரண்டாம் ஆண்டில் 6 புள்ளி என்று கொள்வோம். வேறெதுவும் மாறவில்லை.

அடுத்தடுத்த மூன்று ஆண்டுகளின் வருகை விகிதம் இப்படி இருக்கும். முதல் அணிப் பள்ளிகள், முதலில் திட்டம் வந்தவை: 80, 82, 86.
இரண்டாம் அணி, ஓராண்டு தள்ளி: 80, 80, 82.
மூன்றாம் அணி, இன்னும் திட்டம் வராதது: 80, 80, 80.

இரண்டாம் அணிக்குத் திட்டம் வந்த ஆண்டில் அதன் ஏற்றம் 2. அதை மூன்றாம் அணியோடு ஒப்பிட்டால் 2 − 0 = 2, சரியான விடை. முதல் அணியோடு ஒப்பிட்டால்? அங்கே அதே ஆண்டில் 82-லிருந்து 86, அதாவது 4 ஏறியிருக்கிறது. 2 − 4 = −2. பிள்ளைகளுக்கு நன்மை செய்த திட்டம் தீமை செய்ததாக விடை வருகிறது! மாட்டுத்தாவணியில் நம் பேருந்து வேகமெடுத்துப் போகும்போது, அப்போதுதான் மெல்லக் கிளம்பும் பக்கத்துப் பேருந்து பின்னால் போவதுபோலத் தெரியுமே, அதே கோளாறு.

பழைய ரிக்ரெஷன் இந்தத் தப்பான ஒப்பீட்டையும் சத்தமில்லாமல் உள்ளே சேர்த்துக்கொண்டு சராசரி எடுக்கிறது. கிளமென்ட் டி ஷெஸ்மார்ட்டனும் சேவியே டோல்ஃபேயும் 2020-இல், சில விளைவுகளுக்கு எதிர்மறை எடைகூட விழலாம், அதாவது சராசரியில் அவை கூட்டப்படாமல் கழிக்கப்படலாம் என்று காட்டினார்கள். ஆண்ட்ரூ குட்மேன்-பேக்கன் 2021-இல், எந்த ஒப்பீட்டுக்கு எவ்வளவு எடை என்று முழுதாகப் பிரித்துக் காட்டினார். பள்ளிதோறும், ஆண்டுதோறும் விளைவு மாறாமல் இருந்தால் மட்டுமே பழைய முறை சரியான விடை தரும். உணவுத் திட்டத்தில் அப்படி நடக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு.

மாற்று வழி கடினமானதல்ல. பிரான்ட்லி கேலவேயும் பெட்ரோ சான்ட்அன்னாவும் 2021-இல் சொன்னது: ஒவ்வொரு அணியையும் ஒவ்வொரு ஆண்டையும் தனித்தனியாக எடு, அந்த ஆண்டில் இன்னும் திட்டம் வராத பள்ளிகளோடு மட்டும் ஒப்பிடு, பிறகு சராசரியை நீயே, எடையை வெளிப்படையாகச் சொல்லி எடு. மேலே உள்ள எண்களில் முதல் அணிக்கு முதலாண்டு 2, இரண்டாமாண்டு 6, இரண்டாம் அணிக்கு முதலாண்டு 2 என்று வரும். "சேர்ந்த முதல் ஆண்டில் 2, இரண்டாம் ஆண்டில் 6" என்று எழுதுவது, 3.3 என்ற ஒற்றைச் சராசரியைவிட ஆசிரியருக்கும் அதிகாரிக்கும் உபயோகமானது. லியாங் சன், சாரா ஏப்ரஹாம் ஆகியோரும் அதே ஆண்டு இதையொட்டிய ஒரு முறையைத் தந்தார்கள். ஆரில் 'டிட்' என்ற தொகுப்பு முதல் முறையையும், 'ஃபிக்செஸ்ட்' இரண்டாவதையும் செய்துகொடுக்கும். இரண்டும் இலவசம்.

மதுரைத் தரவில் இதைப் போடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. 2023-க்குப் பிறகு 'இன்னும் திட்டம் வராத' பள்ளிகள் என்றால் உதவிபெறும் பள்ளிகள்தான். அவற்றின் நிர்வாகம், பெற்றோர், ஆசிரியர் நியமனம் எல்லாமே வேறு. சூத்திரம் அனுமதிப்பதால் மட்டும் ஒப்பீடு நியாயமாகிவிடாது. எனக்கு நம்பிக்கை இருப்பது 2022–23 ஜன்னலில்தான். அதற்குப் பிந்தைய விடைகளை நான் துணைச் சான்றாக மட்டுமே வைப்பேன். 2025-க்குப் பிறகு ஒப்பிட உதவிபெறும் பள்ளிகளும் இல்லை.

இன்னொன்று, ஒரு பள்ளியில் நடப்பது பக்கத்துப் பள்ளியைத் தொடக்கூடாது என்பது இந்த முறைகளின் எழுதப்படாத நிபந்தனை. தெருவில் ஒரு பள்ளியில் காலை உணவு, அடுத்த தெருப் பள்ளியில் இல்லை என்றால் சில பெற்றோர் பிள்ளையை மாற்றிவிடுவார்கள். ஒழுங்காக வரும் பிள்ளைகளே மாறினார்கள் என்றால் இங்கே ஏறும், அங்கே இறங்கும்; வித்தியாசம் இரட்டிப்பாகத் தெரியும். மாநகருக்குள் பள்ளிகள் நெருக்கமாக இருப்பதால் இந்த ஆபத்து அதிகம்; உசிலம்பட்டி, பேரையூர் பக்கத்துக் கிராமங்களில் குறைவு. மாற்றுச் சான்றிதழ் எண்ணிக்கையைப் பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும்.

படி 6: இணையாகப் போயிருக்கும் என்ற நம்பிக்கையைச் சோதியுங்கள்

நாலாம் படியும் ஐந்தாம் படியும் நிற்பது ஒரே ஒரு தூணில்: திட்டம் வராமல் இருந்திருந்தால் இரண்டு வகைப் பள்ளிகளின் வருகையும் ஒரே போக்கில் நகர்ந்திருக்கும். அளவு சமமாக இருக்க வேண்டியதில்லை, மாற்றம் சமமாக இருந்தால் போதும்.

வழக்கமாகச் செய்வது, திட்டத்துக்கு முந்தைய ஆண்டுகளை வரைபடமாகப் போட்டு இரண்டு கோடும் இணையாகப் போகிறதா என்று பார்ப்பது. நமக்கு அங்கேயே இடிக்கிறது. 2020–21 முழுக்கப் பள்ளி மூடல். 2017 முதல் 2019 வரை பார்க்கலாம், ஆனால் அது வேறு காலம். ஜொனாதன் ராத் 2022-இல் காட்டியது இன்னும் சங்கடமான விஷயம்: முந்தைய ஆண்டுச் சோதனைக்குப் பல நேரம் கண்பார்வை போதாது. விலகல் இருந்தும் 'இல்லை' என்று சொல்லிவிடும். அந்தச் சோதனையில் தேறிய ஆய்வுகளை மட்டும் வெளியிட்டால் பிழை கூடவும் செய்யலாம்.

அதற்கு மாற்றாக அசேஷ் ராம்பச்சனும் ராத்தும் 2023-இல் தந்த வழி எனக்குப் பிடித்தது. 'இணையா, இல்லையா' என்று கேட்காமல், 'முன்பு இருந்த அதிகபட்ச விலகலைப் போல எத்தனை மடங்கு பின்னால் வந்தால் என் முடிவு கவிழும்?' என்று கேட்கிறார்கள். பாதி அளவு விலகலிலேயே முடிவு பூஜ்யத்தைத் தொட்டுவிட்டால் தலைப்புச் செய்தி போடாதீர்கள். இரண்டு மடங்கு வரை தாங்கினால் தைரியமாகப் பேசலாம்.

கையோடு ஒரு போலிச் சோதனையும் செய்துவிடுங்கள். நடுநிலைப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு இந்தத் திட்டம் கிடையாது. அதே வளாகம், அதே தலைமையாசிரியர், அதே மழை. அங்கேயும் அதே 3 புள்ளி ஏறியிருந்தால் ஏற்றத்துக்குக் காரணம் காலை உணவு இல்லை என்ற சந்தேகம் வலுக்கும். தம்பி தங்கையைக் கூட்டிக்கொண்டு அக்காவும் சேர்ந்து வந்துவிடுவாள் என்பதால், சிறிய ஏற்றம் இருந்தால் பதறத் தேவையில்லை.

படி 7: எத்தனை பேரை எண்ணுகிறீர்கள்?

பத்தாயிரம் மாணவர்களின் தரவு இருக்கிறது என்பதால் பிழை எல்லை கடுகளவு என்று மென்பொருள் சொல்லும். நம்பாதீர்கள். திட்டம் வந்தது பள்ளிக்கு. மாணவருக்குத் தனித்தனியாக இல்லை. ஒரே பள்ளிப் பிள்ளைகள் ஒரே காய்ச்சலுக்கும் ஒரே திருவிழாவுக்கும் சேர்ந்தே விடுப்பு எடுப்பார்கள். மரியான் பெர்ட்ரான்ட், எஸ்தர் டஃப்லோ, செந்தில் முல்லைநாதன் மூவரும் 2004-இல், நடக்காத சட்டங்களைக் கற்பனையாகப் போட்டு அமெரிக்கப் பெண்களின் ஊதியத் தரவில் ஓட்டிப் பார்த்தார்கள். நூறு தடவை ஓட்டினால் 5 தடவைதான் தப்பாகப் பலன் காட்ட வேண்டும். 45 தடவை வரை காட்டியது. ஆகவே பிழையைப் பள்ளிவாரியாகத் திரட்டிக் கணக்கிடுங்கள். மென்பொருளில் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

படி 8: தெரியாத காரணி எவ்வளவு பலமாக இருந்தால் கணக்கு கவிழும்?

முன்–பின் தரவே இல்லாமல், ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு மட்டும் இருக்கும் சூழலும் வரும். காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளிடம் ரத்தசோகை இரண்டு மடங்கு என்று ஒரு கணக்கெடுப்பு காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வறுமை இரண்டுக்கும் காரணமாக இருக்கலாமே?

இது பழைய சண்டை. புகைபிடித்தலுக்கும் நுரையீரல் புற்றுக்கும் பொதுவான மரபணுக் காரணம் இருக்கலாம் என்று வாதாடியவர் ரொனால்ட் ஃபிஷர். குலுக்கல் முறையை உலகுக்குத் தந்தவர், பைப் புகைப்பவர். 1959-இல் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் ஆய்ந்தவர்களும் பதில் கொடுத்தார்கள்: அத்தனை பெரிய வித்தியாசத்தை ஒரு மறைந்த காரணி தனியே விளக்க வேண்டுமென்றால், அதுவும் அத்தனை பலமாக இருந்தாக வேண்டும். டைலர் வாண்டர்வீலும் பெங் டிங்கும் 2017-இல் இதை ஒரே சூத்திரமாக்கி 'ஈ-மதிப்பு' என்றார்கள்: விகிதம் + √(விகிதம் × (விகிதம் − 1)). விகிதம் 2 என்றால் 2 + √2, அதாவது 3.41. மறைந்த காரணி இரண்டு பக்கமும் குறைந்தது 3.41 மடங்கு தொடர்போடு இருந்தால்தான் இந்தத் தொடர்பு முழுவதையும் அதனால் விளக்கிவிட முடியும். வறுமைக்கு அவ்வளவு பலம் இருக்குமா? இருக்கலாம். எண் பெரிதாக வந்ததும் 'நிரூபித்துவிட்டோம்' என்று கிளம்புபவர்கள் இருக்கிறார்கள்; அந்தக் கேள்விக்கு ஊரைத் தெரிந்தவர்தான் பதில் சொல்ல முடியும், சூத்திரம் சொல்லாது.

படி 9: இயந்திரக் கற்றல், தேவைப்பட்டால்

விக்டர் செர்னோழுகோவும் குழுவினரும் 2018-இல் தந்த இரட்டை இயந்திரக் கற்றல், சமன்செய்ய வேண்டிய காரணிகள் நூற்றுக்கணக்கில் இருக்கும்போது உதவும். அதே ஆண்டு ஸ்டெஃபான் வாகரும் சூசன் ஏத்தியும் தந்த முறை, யாருக்கு விளைவு அதிகம் என்று தேடித் தரும். மலைப்பகுதிப் பள்ளிகளிலா, ஓராசிரியர் பள்ளிகளிலா என்பதுபோல. சில நூறு பள்ளிகளை மட்டும் வைத்திருப்பவருக்கு இவை இப்போதைக்குத் தேவையில்லை. மூன்றாம் படியில் அம்புக்குறியைத் தப்பாகப் போட்டிருந்தால் எந்த இயந்திரமும் அதைத் திருத்தித் தராது.

படி 10: விடையை வேறு ஊருக்குக் கொண்டுபோகும் முன்

2003-இல் வெளியான ஒரு சோதனை, தமிழ்நாட்டின் இரண்டு ஊரக மாவட்டங்களில் 11,619 பச்சிளம் குழந்தைகளை வைத்து நடந்தது. பிறந்தவுடன் வைட்டமின் ஏ கொடுத்ததில், ஆறு மாதத்துக்குள் நேரும் இறப்பு 22 சதவீதம் குறைந்தது. குலுக்கல் முறைச் சோதனை; நடத்தியவர்கள் அரவிந்த் குழுவோடு சேர்ந்தவர்கள். அப்புறம் கானா, தான்சானியா, ஹரியானா ஆகிய இடங்களில் இன்னும் பெரிய அளவில் சோதித்து 2015-இல் முடிவு வெளியிட்டபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. பிறந்த குழந்தைகளுக்கு எல்லா இடத்திலும் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவும் இல்லை. இதனால் இங்கே நடந்த சோதனை தவறு என்று ஆகாது. தாய்மார்களிடம் இருந்த வைட்டமின் ஏ பற்றாக்குறையின் அளவு ஊருக்கு ஊர் வேறுபட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

காலை உணவுக்கும் இதே கேள்வி வரும். 2023 அக்டோபரில் தெலங்கானா தன் பள்ளிகளில் காலை உணவைத் தொடங்கியது. மதுரையில் நாம் கண்டுபிடிக்கும் 3 புள்ளியோ வேறெதுவோ அங்கே பொருந்துமா என்று பார்க்க, நான்கு எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: திட்டத்துக்கு முந்தைய வருகை, வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகளின் பங்கு, பள்ளிக்கும் வீட்டுக்கும் உள்ள தூரம், பெற்றோர் காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரம். ஏற்கெனவே 97 சதவீதம் வருகை உள்ள பள்ளியில் ஏறுவதற்கு 3 புள்ளிதான் மிச்சம். மதுரைப் பள்ளிகளை இந்த நான்கின்படி பிரித்து விளைவைத் தனித்தனியே கணக்கிட்டு வைத்திருந்தால், அங்குள்ள பள்ளிகளின் கலவைக்கு ஏற்ப எடைபோட்டுப் புதிய மதிப்பீட்டை எடுக்கலாம். நம்மிடம் இல்லாத வகைப் பள்ளிகள் அங்கே இருந்தால், அவற்றுக்கு எண் எதுவும் கொடுக்காமல் காலியாகவே விட்டு அனுப்புங்கள்.